பேஸ் கிடார் தனியே பாடும்போது

பேஸ் கிடார் கீழ்ஸ்தாயிக் கருவி. பெரும்பாலும் நான்கு தந்திகள். சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு தந்திகள் எந்தச் சுரங்களில் சேர்க்கப்படுகின்றனவோ, அதே சுரங்களில் ஒரு ஸ்தாயி கீழே இது சுருதி சேர்க்கப்படுகிறது. இசைக்குழுவில் இதற்கு இரண்டு பொறுப்புகள். டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தை நடத்த வேண்டும். மேலே பாடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் அடிச்சுரத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டுமே பிறரைத் தாங்கும் வேலைகள்.

துணைக்கென்றே செய்யப்பட்ட இந்தக் கருவியைத் தனியாக மேடையேற்றி, அதைக் கொண்டே மெட்டையும் தாளத்தையும் சுர அடுக்குகளையும் எழுப்பும் கலைஞர்களின் வரிசை ஒன்று கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவாகியிருக்கிறது. விற்பனைப் பட்டியல்களில் இவர்களுடைய தனி பேஸ் இசை அரிதாகவே இடம்பிடித்தது. வானொலியிலும் அதிகம் ஒலித்ததில்லை. ஆனாலும் தாழ்ந்த குரலில் நெருக்கமாகப் பேசக்கூடிய, வேறு எந்தக் கருவியிலும் கிடைக்காத ஒரு உணர்ச்சி மொழி இந்த இசையில் உண்டு. அது எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள, கருவி எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவி பிறந்த காரணம்

1930-களில் ஜாஸ், நடன இசைக்குழுக்களில் கீழ்ஸ்தாயிப் பொறுப்பை டபுள் பேஸ் ஏற்றிருந்தது. அது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மரக்கருவி. ஊர் ஊராகத் தூக்கிச் செல்வது பெரும்பாடு. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கும் மேடையில் அதன் ஒலி எடுபடுவதும் சிரமம். அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930-களின் நடுப்பகுதியில், கிடாரைப் போல மடியில் வைத்து வாசிக்கக்கூடிய மின்சார பேஸ் ஒன்றைச் செய்து ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். அது பரவலாகவில்லை.

பரவியது 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் அறிமுகப்படுத்திய பிரிசிஷன் பேஸ். கெட்டியான மர உடல், 34 அங்குலத் தந்தி நீளம், தந்தியின் அதிர்வை மின் அலையாக மாற்றும் பிக்கப் ஆகியவை அதன் அடிப்படை. டபுள் பேஸில் இல்லாத ஃப்ரெட்டுகள் இதன் கழுத்தில் இருந்தன. வீணையின் மெட்டுகளைப் போல ஒவ்வொரு சுரத்தின் இடத்தையும் குறிக்கும் உலோகப் பட்டைகள் அவை. கிடார் மட்டுமே தெரிந்த ஒருவர்கூட அவற்றின் உதவியால் சுருதி பிசகாமல் பேஸ் வாசிக்க முடிந்தது. சில ஆண்டுகளிலேயே நடனக் குழுக்களும் ராக் குழுக்களும் இதற்கு மாறின.

1960-களில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் இந்தக் கருவிக்குத் துணை வாசிப்பைத் தாண்டிய ஒரு கௌரவத்தைக் கொடுத்தார். வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் கொண்டு தந்தியை மீட்டிய அவர், பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென்று இன்னொரு மெட்டை ஓடவிட்டார். 1965-இல் இங்கிலாந்தின் தி ஹூ குழு வெளியிட்ட 'மை ஜெனரேஷன்' பாடலில் ஜான் என்ட்விசில் சில வரிகளைத் தனியாகவே பேஸில் வாசித்தார். இரண்டாவது மெட்டாக ஓடும் பேஸ் தமிழ்க் காதுகளுக்கும் பழக்கமானதே. இளையராஜாவின் திரைப்பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் வரிகளைத் தனியாகப் பிரித்துக் கேட்டு ரசிப்பவர்கள் இங்கு ஏராளம். என்றாலும் இவை அனைத்திலும் பேஸ் ஒரு பாட்டின் பகுதியாகவே நின்றது. முழுப் பாட்டையும் அதுவே சுமப்பது வேறு சவால்.

தனியாக வாசிப்பதில் உள்ள சிக்கல்

நான்கு தந்தி பேஸின் திறந்த தந்திகள் கீழிருந்து மேலாக ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஒலிக்கின்றன. மனிதச் செவி இந்த அளவு தாழ்ந்த ஒலிகளை நடு ஸ்தாயி ஒலிகளைப் போலக் கூர்மையாகக் கேட்பதில்லை. ஒரே உரப்பில் ஒலித்தாலும் தாழ்ந்த சுரம் மங்கலாகவே படும். இது முதல் சிக்கல்.

இரண்டாவது சிக்கல் சுரங்களைச் சேர்த்து ஒலிப்பதில் வருகிறது. மேற்கத்திய இசையில் மூன்று நான்கு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்கை கார்ட் என்பார்கள். கிடாரிலும் பியானோவின் நடுப்பகுதியிலும் தெளிவாகக் கேட்கும் கார்ட், பேஸின் கீழ்ப்பகுதியில் வாசித்தால் ஒன்றோடொன்று கலங்கிவிடும். அருகருகே உள்ள இரண்டு தாழ்ந்த சுரங்களைப் பிரித்தறியச் செவியால் முடிவதில்லை. ஆகவே தனியாக பேஸ் வாசிப்பவர் சுரங்களை ஒன்றுக்கொன்று தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. கீழ்த் தந்தியில் அடிச்சுரம், அதற்கு ஒரு ஸ்தாயிக்கு மேல் காந்தாரம் என்று இடைவெளி விட்டால் இரண்டும் தனித்தனியே துலங்கும்.

மூன்றாவது சிக்கல் ஆள் பற்றாக்குறை. குழுவில் ஐந்து பேர் பகிர்ந்துகொள்ளும் மெட்டு, தாளம், சுர அடுக்கு எல்லாவற்றையும் பத்து விரல்கள் சமாளிக்க வேண்டும். பேஸின் தந்திகள் தடிமனானவை. ஃப்ரெட்டுகளுக்கு இடையிலான தூரமும் அதிகம். கிடாரில் எளிதாக எட்டும் விரல் நிலை இங்கே எட்டாது. தனி பேஸ் இசையின் வளர்ச்சி முழுவதும் இந்த மூன்று சிக்கல்களுக்குக் கலைஞர்கள் கண்டுபிடித்த விடைகளின் வரலாறுதான்.

வழி உண்டு என்று முதலில் காட்டியது டபுள் பேஸ். அமெரிக்கக் கலைஞர் பார் பிலிப்ஸ் 1968-இல் லண்டனில் ஒரு தேவாலயத்தில் அமர்ந்து தனியாக வாசித்துப் பதிவு செய்தார். இசையமைப்பாளர் மாக்ஸ் ஷூபெலின் மின்னணு இசைக்கு மூலப்பொருளாக அமையும் என்று எடுக்கப்பட்ட பதிவு அது. கேட்டுப் பார்த்தபோது, எதையும் சேர்க்காமலேயே அது முழுமையாக இருந்தது. 'ஜர்னல் வயலோன்' என்ற பெயரில் வெளிவந்த அந்த ஆல்பமே தனி டபுள் பேஸ் ஆல்பங்களில் முதலாவதாகக் கருதப்படுகிறது. பேஸ் கிடாருக்கு அப்படியொரு தருணம் வர இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின.

ஜாக்கோ காட்டிய வழி

ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் வளர்ந்த ஜாக்கோ பஸ்டோரியஸ் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் ஆல்பத்தை 1976-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24. ஆல்பத்தின் முதல் பதிவு 'டோனா லீ'. ஜாஸ் இசையில் சாக்ஸஃபோன் வாசிப்பவர்களையே திணறடிக்கும் வேகமான மெட்டு அது. ஜாக்கோ அதை பேஸில் வாசித்தார். துணைக்கு டான் அலியாஸின் காங்கா என்ற தாளக்கருவி மட்டுமே இருந்தது. திறமையை உலகுக்கு அறிவித்தது அந்தப் பதிவு என்றால், புதிய வழியைத் திறந்தது அதே ஆல்பத்தில் இருக்கும் 'போர்ட்ரெயிட் ஆஃப் டிரேசி'. தன் மனைவியின் பெயரில் அவர் அமைத்த இந்தச் சிறு இசை இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடுகிறது. ஒரே ஒரு பேஸ் கிடார். வேறு எந்தக் கருவியும் இல்லை.

அதன் பெரும்பகுதி ஹார்மோனிக்ஸ் எனப்படும் மணியொலிச் சுரங்களால் ஆனது. ஒரு தந்தியை மீட்டும்போது அது ஒரே ஒரு சுரத்தை மட்டும் எழுப்புவதில்லை. முழு நீளத்திலும் அதிர்ந்துகொண்டே, பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் நான்கில் ஒன்றாகவும் பிரிந்தும் அதிர்கிறது. தம்பூராவின் மந்தரத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம் தானாகக் கிளம்பிக் காதில் விழுவது இதனால்தான். பேஸ் கலைஞர் தந்தியை அழுத்தாமல், சரியான இடத்தில் விரல் நுனியால் தொட்டு மட்டும் மீட்டினால், கீழே உள்ள அடிச்சுரம் அடங்கி இந்த உள்ளொலி மட்டும் பளிச்சென்று எழும். 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் தொட்டால் மேல் ஷட்ஜம், 7-ஆவதில் அதற்கும் மேலுள்ள பஞ்சமம், 5-ஆவதில் இரண்டு ஸ்தாயி மேலுள்ள ஷட்ஜம், 4-ஆவதையொட்டி அதற்கும் மேலுள்ள காந்தாரம் கிடைக்கும்.

நீளமான, தடித்த தந்தி என்பதால் பேஸில் இந்தச் சுரங்கள் கிடாரைவிட அதிக நேரம் நீடிக்கின்றன. ஜாக்கோ இந்த இயல்பைப் பயன்படுத்திக்கொண்டார். கீழே ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி மேலே ஹார்மோனிக்ஸை ஒலிக்கவிட்டு, அவை மறைவதற்குள் அடுத்ததைச் சேர்த்து, கலங்காத கார்ட்களைக் கட்டினார். தாழ்ந்த கருவியில் அடுக்குச் சுரங்கள் சாத்தியமில்லை என்ற சிக்கல் அந்த இரண்டு நிமிடங்களில் தீர்ந்தது. இன்றும் தனி பேஸ் கற்க விரும்புவோர் பெரும்பாலும் இந்தப் பதிவிலிருந்தே தொடங்குகிறார்கள்.

ஜாக்கோவின் இன்னொரு பங்களிப்பு ஃப்ரெட் இல்லாத பேஸ். ஆம்பெக் நிறுவனம் 1966-இலும் ஃபெண்டர் நிறுவனம் 1970-இலும் ஃப்ரெட் இல்லாத பேஸ்களை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தன. ஜாக்கோ 1962-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஃபெண்டர் ஜாஸ் பேஸ் ஒன்றின் ஃப்ரெட்டுகளை நீக்கி, பள்ளங்களை மரப்பூச்சால் நிரப்பி, படகுகளுக்குப் பூசும் எபாக்சியை மேலே பூசினார். கண்ணாடிபோல இறுகிய அந்தப் பரப்பில் தந்தி உரசும்போது ஒலி மனிதக் குரலின் சாயலைப் பெற்றது. சுரத்திலிருந்து சுரத்துக்கு இழுத்துச் செல்லலாம். ஒரே சுரத்தை லேசாக அசைக்கலாம். கமகத்தில் ஊறிய காது இதன் அழகை உடனே உணரும். ஃபெண்டர் சேர்த்த ஃப்ரெட் பேஸை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தது; அதை நீக்கியதால் கருவிக்குப் பாடும் குரல் கிடைத்தது.

ஜாக்கோ பிறகு வெதர் ரிப்போர்ட் குழுவில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார். மனநோயும் குடிப்பழக்கமும் அவரைச் சிதைத்தன. 1987-இல் 35 வயதில் அவர் இறந்தார்.

தந்தியைத் தட்டும் கைகள்

தாளத்தையும் தானே எழுப்புவது எப்படி என்ற கேள்விக்கு விடை இன்னும் முன்பே வேறொரு இடத்தில் கிடைத்திருந்தது. 1960-களில் லாரி கிரஹாம் தன் தாயோடு சேர்ந்து கேளிக்கை விடுதிகளில் வாசித்துவந்தார். தாய் பாடிக்கொண்டே பியானோ வாசிப்பார். டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாத குறையைப் போக்க, கிரஹாம் கட்டைவிரலால் தந்தியை ஓங்கித் தட்டிப் பெரிய டிரம்மின் ஒலியையும், மற்றொரு விரலால் தந்தியைச் சுண்டியிழுத்துச் சிறிய டிரம்மின் ஒலியையும் எழுப்பினார். ஆள் இல்லாத நெருக்கடியில் பிறந்த இந்த முறை ஸ்லாப் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது.

அதை முழுமையான தனியிசையாக வளர்த்தவர் விக்டர் வூட்டன். ஐந்து சகோதரர்களில் இளையவர். மூத்த அண்ணன் ரெஜி கற்றுக்கொடுக்க, நடை பழகும் வயதிலேயே பேஸைப் பிடித்தவர். கட்டைவிரலால் கீழ்நோக்கித் தட்டுவதோடு நிற்காமல், அதே விரல் மேலே திரும்பும்போதும் தந்தியை மீட்டும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். இதனால் ஒரே கட்டைவிரல் இரண்டு மடங்கு சுரங்களை எழுப்புகிறது. 1996-இல் நாஷ்வில் நகரின் சிறு நிறுவனமான காம்பஸ் ரெக்கார்ட்ஸ் அவருடைய 'ஏ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. நான்கு தந்தி பேஸ் ஒன்றுதான் அதில் கருவி. ஒரு பதிவின் மேல் இன்னொன்றை அடுக்கும் வேலையும் கிடையாது. கேட்பவருக்கோ தாளக்கருவி, துணைக்கருவி, மெட்டு மூன்றும் தனித்தனியே கேட்கும்.

வூட்டனின் வேகத்தைப் பலர் பாராட்டினாலும், அவர் மாணவர்களிடம் வலியுறுத்துவது வேறு. சுரங்களை அறிந்தால் மட்டும் போதாது. தாள ஓட்டம், ஒலியின் தன்மை, உரப்பு, மௌனம் ஆகியவையும் சுரத்துக்குச் சமமான கூறுகள் என்பது அவருடைய பாடம். 'தி மியூசிக் லெசன்' என்ற நூலில் இதை ஒரு கதையாகவே எழுதியிருக்கிறார். வேகமான பகுதிகளுக்கு நடுவே அவர் விடும் சிறு இடைவெளிகளைக் கவனித்தால் இந்தப் பாடம் எளிதில் விளங்கும்.

இரண்டு கை விரல்களாலும் கழுத்தின் மேலேயே தந்திகளைத் தட்டி வாசிப்பது டாப்பிங். பியானோவைப் போல இடது கை ஒரு வரியையும் வலது கை இன்னொரு வரியையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். ஸ்டூ ஹாம் 1988-இல் வெளியிட்ட 'ரேடியோ ஃப்ரீ ஆல்பமத்' ஆல்பத்தில் பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வை இந்த முறையில் வாசித்திருக்கிறார். பியானோவுக்கென்று எழுதப்பட்ட மெதுவான, துயரம் தோய்ந்த இசை பேஸின் ஒலியில் இன்னும் இருண்டு, கனத்து ஒலிக்கிறது.

ஸ்வீடனிலிருந்து சென்னைக்கு

ஸ்வீடனின் யோனாஸ் ஹெல்போர்க் தனி பேஸை முழு ஆல்பங்களாகவே எண்ணிச் செயல்பட்ட முன்னோடி. 'தி பேசிக் திங்' 1982-இலும் 'எலிகன்ட் பங்க்' 1984-இலும் வந்தன. பெரிய நிறுவனங்களின் ஆதரவை எதிர்பார்க்காமல் சொந்த நிறுவனத்தின் மூலம் இசையை வெளியிடும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே கைக்கொண்டவர் அவர். கிடார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின் 1980-களில் மீண்டும் அமைத்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தார். 1991-இல் வந்த 'தி சைலன்ட் லைஃப்' ஆல்பத்தில், ஒலி பெருக்கிய கருவியை விட்டு, உள்ளீடற்ற மர உடல் கொண்ட அகூஸ்டிக் பேஸ் கிடாரைத் தனியாக வாசித்தார். மரத்தின் அதிர்வும் தந்தியின் மேல் விரல் உரசும் ஓசையும் அதில் இசையோடு சேர்ந்தே கேட்கின்றன.

இந்தத் தேடல் அவரைத் தமிழகத்துத் தாளக் கலைஞர்களிடம் கொண்டுவந்தது. கஞ்சிரா கலைஞர் வி. செல்வகணேஷ், அமெரிக்கக் கிடார் கலைஞர் ஷான் லேன் ஆகியோருடன் 2000-இல் 'குட் பீப்பிள் இன் டைம்ஸ் ஆஃப் ஈவில்' வெளிவந்தது. கடம் வித்வான் விக்கு விநாயக்ராமின் பிள்ளைகளான செல்வகணேஷ், உமாமகேஷ், உமாசங்கர் மூவரும் பங்கேற்ற 'ஐகான்' 2003-இல் வந்தது. இவை தனி பேஸ் ஆல்பங்கள் அல்ல. எனினும் கர்நாடக இசையின் தாளக் கணக்குகளுக்கும் மேற்கத்தியத் துணைக்கருவிக்கும் இடையே எத்தனை இயல்பான உரையாடல் நடக்க முடியும் என்பதை இவற்றில் கேட்கலாம். மும்பையைச் சேர்ந்த மோகினி தே கொன்னக்கோல் சொற்கட்டுகளை அப்படியே பேஸில் வாசித்துக் காட்டுவதும் இந்த உரையாடலின் தொடர்ச்சியே.

சுருதியையே நகர்த்திய மானரிங்

வெளியே அதிகம் தெரியாத, ஆனால் இத்துறையினர் பெரிதும் மதிக்கும் பெயர் மைக்கேல் மானரிங். 1960-இல் பிறந்தவர், ஜாக்கோவிடமே பாடம் கேட்டவர். கலிபோர்னியாவின் விண்டம் ஹில் நிறுவனப் பதிவுகளில் பேஸ் வாசித்த காலத்தில், கிடார் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸுடன் நெருக்கமாகப் பணியாற்றினார். ஹெட்ஜஸ் ஒவ்வொரு பாட்டுக்கும் கிடாரின் சுருதியை வெவ்வேறாக மாற்றி வைத்துக்கொண்டு வாசிப்பவர். பேஸில் அதை ஏன் செய்யக்கூடாது என்ற கேள்வி மானரிங்கின் வாழ்நாள் ஆராய்ச்சியாக மாறியது.

சுருதியை மாற்றினால் என்ன கிடைக்கும்? தந்திகள் புதிய சுரங்களில் நிற்கும்போது ஹார்மோனிக்ஸின் முழுத் தொகுப்பும் மாறிவிடுகிறது. வழக்கமான சுருதியில் கைக்கே எட்டாத சுர அடுக்குகள் திறந்த தந்திகளிலேயே கிடைக்கின்றன. தந்தி தளர்ந்தால் ஒலி தளர்ந்து கனக்கும், இறுகினால் கூர்மையடையும். ஒவ்வொரு சுருதிக்கும் தனி மனநிலை அமைகிறது.

மானரிங் இதை இன்னொரு படி முன்னெடுத்தார். கருவி செய்யும் ஜோ ஸானுடன் சேர்ந்து ஹைப்பர்பேஸ் என்ற கருவியை உருவாக்கினார். ஃப்ரெட் இல்லாத இந்த நான்கு தந்தி பேஸில், தந்திகளின் இறுக்கத்தை நொடியில் மாற்றும் நெம்புகோல்கள் தலைப்பகுதியிலும் பிரிட்ஜிலும் பொருத்தப்பட்டிருக்கின்றன. இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நெம்புகோலைத் தள்ளினால் அந்தத் தந்தி வேறு சுரத்துக்குப் போகும். ஒலித்துக்கொண்டிருக்கும் ஹார்மோனிக் சுரமும் கூடவே வழுக்கிச் செல்லும். சுருதி மாற்றம் வாசிப்புக்கு முந்தைய தயாரிப்பாக இருந்த நிலை போய், வாசிப்பின் அங்கமாகவே ஆனது. 1994-இல் வந்த 'தாங்க்' ஆல்பத்தில் உள்ள 'தி எனார்மஸ் ரூம்' இதற்குச் சிறந்த சான்று. அதே ஆல்பத்தின் 'மை த்ரீ மூன்ஸ்' மூன்று பேஸ்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் படைப்பு.

மின்காந்தத்தால் தந்தியை இடைவிடாமல் அதிரச் செய்யும் இபோ என்ற சிறு கைக்கருவியையும் அவர் பயன்படுத்துகிறார். மீட்டியவுடன் தேயத் தொடங்கும் பேஸ் ஒலி, இபோவின் உதவியால் வில் போட்டு வாசிப்பது போலத் தொடர்ந்து நீளும். 2005-இல் 'சாலிலக்வி' என்ற தனி பேஸ் ஆல்பத்தைத் தன் சொந்த வெளியீடாகவே கொண்டுவந்தார். இத்தனை கருவி நுட்பத்துக்குப் பிறகும் அவருடைய இசையில் மேலோங்கி நிற்பது நிதானம். ஒரு சுரத்தை எழுப்பி, அது நிறம் மாறி அடங்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததைத் தொடும் பொறுமை அவருடைய முத்திரை.

தந்திகளைக் கூட்டுவதும் ஒலியை அடுக்குவதும்

வேறு சிலர் தந்திகளின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். பேஸ் கலைஞர் அந்தோணி ஜாக்சனுக்காக, கருவி செய்பவரான கார்ல் தாம்சன் 1975-இல் ஆறு தந்தி பேஸைச் செய்து கொடுத்தார். கீழே ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி, மேலே ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸில் ஒரு தந்தி கூடுதலாகச் சேர்ந்தன. மேல் தந்தி மெட்டுக்கும் கார்ட்களுக்கும் புதிய இடம் தந்தது. பிரான்ஸின் டொமினிக் டி பியாஸா கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் கொண்டு கிடார் போலவே பேஸை மீட்டும் முறையை வளர்த்தார். ஜான் மக்லாஃப்லினின் 1992-ஆம் ஆண்டு ஆல்பமான 'கே அலெக்ரியா'வில் அவர் தனியாக வாசித்த 'மாரி', மென்மைக்குச் சிறந்த உதாரணம். மின்னணு இசையில் ஸ்குவேர்புஷர் என்ற பெயரில் அறியப்பட்ட டாம் ஜென்கின்சன், 2007-இல் பாரிஸில் வேறு எந்த மின்னணுக் கருவியும் இல்லாமல் பேஸை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கச்சேரி செய்தார். அது 'சோலோ எலக்ட்ரிக் பேஸ் 1' என்று 2009-இல் ஆல்பமானது.

ஒலியை அடுக்கும் லூப் முறை மற்றொரு பாதை. வாசித்த சில நொடி இசையைச் சிறு கருவி ஒன்று நினைவில் பிடித்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கும். கலைஞர் அதன் மேல் அடுத்த வரியை வாசிப்பார். வெதர் ரிப்போர்ட்டின் 1979-ஆம் ஆண்டு ஆல்பமான '8:30'-இல் ஜாக்கோ 'ஸ்லாங்' என்ற தனி வாசிப்பை இப்படித்தான் கட்டினார். இங்கிலாந்தின் ஸ்டீவ் லாசன் இந்த முறையையே தன் கலையின் மையமாக்கிக்கொண்டார். 2000-இல் வந்த 'அண்ட் நத்திங் பட் தி பேஸ்' அவருடைய முதல் ஆல்பம். அடுக்கடுக்காக எழுந்து மெல்லக் கலையும் ஒலிப்பரப்பின் மேல், பாடகர் ஒருவர் பாடுவது போல ஃப்ரெட் இல்லாத பேஸில் மெட்டை இழைப்பது அவருடைய பாணி. கேட்பவர் கண்ணெதிரே ஒரே ஆள் ஒரு குழுவாகிறார்.

பெருவழிக்கு வெளியே

இந்த இசை பெருவணிகத்துக்கு வெளியே நின்றதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. வெகுசன இசையின் சந்தை பாடகரின் குரலைச் சுற்றி அமைந்தது. சொற்கள் இல்லாத இசைக்கே அங்கு இடம் குறைவு. அதிலும் துணைக்கருவியின் தனிக்கச்சேரிக்கு விளம்பரச் செலவு செய்ய நிறுவனங்கள் முன்வரவில்லை. சிறிய வானொலிப் பெட்டிகளில் பேஸின் ஒலி சரியாகக் கேட்காததும் ஒரு தடை. மெட்டாலிகாவின் 1983-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் கிளிஃப் பர்ட்டன் வாசித்த 'அனஸ்தீசியா' போல, புகழ்பெற்ற குழுவின் ஆல்பத்துக்குள் ஒரு தனி பேஸ் வாசிப்பு இடம்பிடித்தது அபூர்வம்.

ஆகவே இந்த இசை சிறு நிறுவனங்களிலும் கலைஞர்களின் சொந்த வெளியீடுகளிலும் வளர்ந்தது. விண்டம் ஹில், காம்பஸ் போன்ற நிறுவனங்கள் அதற்கு முதல் வீடுகள். 2008-இல் தொடங்கப்பட்ட பேண்ட்கேம்ப் தளம், கேட்பவர் கொடுக்கும் தொகையில் பெரும்பகுதி கலைஞருக்கே போகும்படி அமைந்ததால், சில நூறு ரசிகர்களை நம்பி ஒருவர் தொடர்ந்து இசை வெளியிட முடிந்தது. லாசன் சந்தா செலுத்தும் ரசிகர்களுக்கு ஆண்டு முழுவதும் புதிய பதிவுகளை அனுப்பும் முறையைப் பின்பற்றுகிறார். வீட்டுக் கூடங்களில் நடக்கும் சிறு கச்சேரிகளும் இந்த இசைக்குப் பொருத்தமான மேடைகள். தாழ்ந்த ஒலியின் நுணுக்கங்கள் கூட்டம் குறைந்த அமைதியான இடத்தில்தான் முழுமையாகக் கேட்கும்.

சந்தையின் புறக்கணிப்பு ஒரு சுதந்திரத்தையும் கொடுத்தது. மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மக்கள் விரும்பும் வடிவத்தில் அடங்க வேண்டியதும் இல்லை. அதே வேளை ஓர் ஆபத்தும் கூடவே வந்தது. ரசிகர்களில் கணிசமானோர் தாங்களும் பேஸ் வாசிப்பவர்களாக இருப்பதால், அவர்களை மலைக்க வைக்கும் வேகப் போட்டியாக இந்த இசை சுருங்கிவிடக்கூடும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் படைப்புகளைப் பார்த்தால், 'போர்ட்ரெயிட் ஆஃப் டிரேசி' முதல் 'மாரி' வரை, அவற்றில் பல நிதானமானவை. விரல் வித்தை அவற்றிலும் ஏராளம் உண்டு. அது மெட்டின் உணர்ச்சிக்குப் பணிந்து நடக்கிறது.

எப்படிக் கேட்பது, எங்கே தொடங்குவது

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை அநேகமாக எழுப்புவதே இல்லை. பேஸின் திறந்த தந்திகள் நான்குமே அந்த எல்லைக்குக் கீழே இருக்கின்றன. மேலுள்ள உள்ளொலிகளைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும் என்றாலும், தாழ்ந்த ஒலியின் கனமும் வெதுவெதுப்பும் கிடைக்காது. எனவே நல்ல ஹெட்ஃபோன் அல்லது பெரிய ஸ்பீக்கர் அவசியம். ஒலியளவை மிதமாக வைப்பது நல்லது.

முதல் முறை கேட்கும்போது ஒரு சுரம் எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பதில் கவனம் வைக்கலாம். இரண்டாம் முறை, கீழே நடக்கும் வரியையும் மேலே செல்லும் மெட்டையும் பிரித்துக் கேட்க முயலலாம். மூன்றாம் முறை, சுரங்களுக்கு இடையே விடப்படும் மௌனத்தைக் கவனிக்கலாம். இந்த மூன்றும் பிடிபட்டால், வேகத்தைவிட ஆழமான செய்திகள் கேட்கத் தொடங்கும்.

தொடக்கத்துக்கு 'போர்ட்ரெயிட் ஆஃப் டிரேசி'யே பொருத்தம். இரண்டு நிமிடத்தில் கருவியின் மறைந்திருந்த குரல் அறிமுகமாகிவிடும். அடுத்து 'ஏ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்': தாளத்தில் விருப்பம் உள்ளவர்களை உடனே ஈர்க்கும். மெல்லிசையை விரும்புபவர்கள் 'மாரி'யையும் ஸ்டூ ஹாமின் 'மூன்லைட் சொனாட்டா'வையும் கேட்கலாம். காது பழகிய பின் மானரிங்கின் 'சாலிலக்வி', ஹெல்போர்க்கின் 'தி சைலன்ட் லைஃப்', லாசனின் ஆல்பங்கள் ஆகியவற்றுக்குச் செல்லலாம். கர்நாடகத் தாளத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 'ஐகான்' இயல்பான நுழைவாயில். இவர்களில் ஒருவர் பாணி இன்னொருவரிடம் இல்லை. ஜாக்கோவின் கனிவு, வூட்டனின் துள்ளல், மானரிங்கின் நிதானம், ஹெல்போர்க்கின் கடுமை, லாசனின் விரிவு எல்லாம் ஏறத்தாழ ஒரே வகைக் கருவியிலிருந்து பிறந்தவை. ஒரு கருவி வாசிப்பவரின் தனித்தன்மையை இவ்வளவு வேறுபாட்டோடு வெளிக்கொணர முடியுமானால், அது துணைக்கருவி என்ற நிலையைக் கடந்து முழுமையான இசைக்கருவியாகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம்.